செபமாலை, தஸ்பீஹ், ருத்ராட்சம்: எண்ணிக்கைக்கும் மோட்சத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஓரத்து இருக்கை (கேள்வி)

வணக்கம். கொஞ்ச நாளாக மண்டையைக் குடையும் ஒரு விஷயம், விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள் என்று இங்கே கேட்கிறேன். நான் கத்தோலிக்கன், செபமாலை சின்ன வயதிலிருந்தே கைக்குப் பழகியது. கூட வேலை பார்ப்பவர்களில் ஒருவர் தொழுகை முடிந்ததும் தஸ்பீஹ் உருட்டுவார், இன்னொருவர் கழுத்தில் ருத்ராட்சம், அப்புறம் பௌத்தம் பக்கம் போன ஒரு தோழி 108 மணி மாலையை மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு வருகிறாள். எல்லோர் கையிலும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே பொருள். நூலில் கோத்த மணி, ஒன்றைச் சொல், ஒன்றைத் தள்ளு, அடுத்ததுக்குப் போ.

எதற்காக என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். மீட்பு சிலுவையால் வந்தது, நான் சம்பாதித்தது அல்ல என்று எனக்கு மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்தார்கள். ருத்ராட்ச நண்பருக்குப் பிறவி அறுபட வேண்டும். தோழிக்குக் கடவுளே தேவைப்படவில்லை. அப்படியிருக்க எல்லோரும் ஏன் எண்ணுகிறோம்? அருள் இலவசம் என்றால் 50 முறை எதற்கு, 49 ஆனால் என்ன குடி முழுகிவிடும்? "இத்தனை முறை உருட்டினால் கரையேறிவிடலாம்" என்று எந்த மதமாவது நிஜமாகவே சொல்கிறதா, இல்லை நாமாகப் போட்டுக்கொண்ட கணக்கா? தயவுசெய்து "எல்லாம் ஒன்றுதான், அன்பே கடவுள்" என்று யாரும் முடித்துவிடாதீர்கள்.

பழைய பாடகர் குழு

நம் கத்தோலிக்கப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். செபமாலையின் எண்ணிக்கை மீட்புக் கணக்கிலிருந்து வந்தது அல்ல, திருப்பாடல்களிலிருந்து வந்தது. மடங்களில் துறவிகள் 150 திருப்பாடல்களையும் முறைவைத்துச் சொல்வார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அது நடக்காத காரியம், அதனால் பாடலுக்கு ஒன்றாக 150 'பரலோக மந்திரம்' சொன்னார்கள், பிற்பாடு அந்த இடத்துக்கு 'அருள் நிறைந்த மரியே' வந்தது. பதினைந்து பத்துகள், 150. நாம் கையில் வைத்திருப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான், தொடக்கத்தில் தொங்கும் சிறு பகுதியையும் சேர்த்தால் 59 மணி. 2002ல் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைச் (மறையுண்மை என்பது ஒவ்வொரு பத்திலும் தியானிக்கும் நிகழ்ச்சி) சேர்த்ததும் இந்த 150 கணக்கே உடைந்து 200 ஆகிவிட்டது. எண்ணில்தான் மீட்பு இருந்தது என்றால் ஒரு திருத்தந்தை அதில் 50ஐக் கூட்டியிருக்க முடியுமா, யோசியுங்கள்.

இன்னொன்று. மாலை வருவதற்கு முன்பே இந்தச் சண்டை வந்துவிட்டது. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் பவுல் என்றொரு துறவி, தினம் 300 செபம். கணக்கு தவறாமல் இருக்க 300 கூழாங்கற்களை மடியில் கொட்டிக்கொண்டு, ஒரு செபத்துக்கு ஒரு கல்லாக வெளியே போடுவாராம். ஒரு நாள், ஒரு பெண் துறவி தினமும் 700 சொல்கிறார் என்று கேள்விப்பட்டு மனிதர் ஆடிப்போய்விட்டார். நேரே மக்காரியு என்ற மூத்த துறவியிடம் போய்ப் புலம்பினார். அவர் சொன்ன பதிலின் சாரம் இது: நான் சொல்வது 100தான், என் மனசாட்சி என்னைக் குத்தவில்லை. 300 சொல்லியும் உன்னைக் குத்துகிறது என்றால் ஒன்று நீ மனம் ஒன்றிச் சொல்லவில்லை, அல்லது இன்னும் சொல்ல முடிந்தும் சொல்லாமல் இருக்கிறாய்.

கவனித்தீர்களா, அவர் "எண்ணாதே" என்று சொல்லவில்லை. "700க்குப் போ" என்றும் சொல்லவில்லை.

ஒரு இடம் மட்டும் நெருடல்தான், அதை மறைக்கக் கூடாது. உத்தரியம் (கழுத்தில் அணியும் சிறு புனிதத் துணி) அணிந்து இறப்பவர் நித்திய நெருப்பில் வேகமாட்டார் என்று 1251ல் சைமன் ஸ்டாக்குக்கு மாதா வாக்களித்ததாக மரபு. அந்தக் காட்சி நடந்ததா என்பதில் வரலாற்றாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. திருச்சபையோ அது தாயத்து அல்ல, அணிகிறவர் அதற்கேற்ப வாழவேண்டும் என்றுதான் போதிக்கிறது. ஆனால் நடைமுறையில் எத்தனை பேர் அதைத் தாயத்தாகவே அணிகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

வசனப்பலகை

மத்தேயு 6:7. "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்." இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம், கயிற்றினால் அல்ல.

பழைய பாடகர் குழு

வீண் வார்த்தையைத்தான் வேண்டாம் என்றார், திரும்பச் சொல்வதையே வேண்டாம் என்றாரா? கெத்செமனேயில் அவரே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று அதே மத்தேயு 26ல் இருக்கிறதே சகோதரா. அப்புறம் உங்கள் சீர்திருத்த சபைகள் பக்கமும் மணி வந்துவிட்டது. ஆங்கிலிக்கன் சபையினர் 33 மணி வைத்து ஒரு மாலை உருவாக்கினார்கள், 1980களில். சுவீடனில் மார்ட்டின் லோனபோ என்ற லூத்தரன் ஆயர் 18 மணியில் ஒன்று செய்தார். கிருபையா கிரியையா என்ற பழைய வழக்கில்கூட 1999ல் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டாயிற்று. நாம் இங்கே தனியாக நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிறைக்கோடு

ஸலாம் சகோ. எங்கள் பக்கம் நேரடியாகவே பதில் சொல்லலாம். ஆமாம், எண்ணிக்கைக்கு வாக்குறுதி உண்டு. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33, நூறாவதாக ஏகத்துவக் கலிமா. இதைச் சொல்பவரின் பாவங்கள் கடல் நுரையளவு இருந்தாலும் மன்னிக்கப்படும் என்று 'முஸ்லிம்' என்ற நபிமொழித் தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) வருகிறது. அல்லாஹ்வின் 99 திருநாமங்களை எண்ணி மனத்தில் இருத்துபவர் சொர்க்கம் புகுவார் என்று புகாரி தொகுப்பிலும் முஸ்லிமிலும் உண்டு. வெறும் ஒப்பிப்பு போதாது, பொருள் அறிந்து அதன்படி நடப்பதும் சேர்ந்ததுதான் என்று அறிஞர்கள் விளக்குவார்கள், அது வேறு.

இத்தோடு நிறுத்திவிட்டால் "ஓ, இவர்கள் கணக்குப் பார்க்கும் ஆட்கள்" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதே நூல்களில் இன்னொரு ஹதீஸ்: உங்களில் யாரையும் அவருடைய அமல் (நற்செயல்) காப்பாற்றாது என்று நபி (ஸல்) சொல்ல, "உங்களையுமா?" என்று தோழர்கள் கேட்க, "என்னையும்தான், அல்லாஹ் தன் அருளால் என்னைப் போர்த்திக்கொண்டாலே தவிர" என்று பதில். எனக்கு மார்க்கத்தில் மிகவும் பிடித்த இடம் இது. இவ்வளவு வணங்கியவரே அமலை நம்பவில்லை. ஆனால் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் சொல்லவில்லை, அந்த அறிவிப்பின் தொடர்ச்சியிலேயே நேராக நடங்கள், அளவாகச் செய்யுங்கள், காலையிலும் மாலையிலும் செயல்படுங்கள் என்றும் வருகிறது.

தஸ்பீஹ் மணியைப் பற்றியே எங்களுக்குள் தகராறு உண்டு. அது பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தியது), விரலால் எண்ணுவதே சுன்னத் (நபிவழி) என்பவர்கள் ஒரு பக்கம். மறுமையில் விரல்களிடம் விசாரிக்கப்படும், அவை பேசவைக்கப்படும், அதனால் விரல்களால் எண்ணுங்கள் என்று பெண்களுக்குச் சொன்ன அறிவிப்பை எடுத்துக் காட்டுவார்கள். மணி ஒரு கருவிதானே, என்ன கெட்டுப்போகிறது என்பவர்கள் இன்னொரு பக்கம். நான் விரல் கணுக்களில்தான் எண்ணுகிறேன், கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டு போனால் போதும். விரலில் சொடுக்கும் மின்னணுக் கருவியைப் பற்றி மட்டும் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, திக்ரை (இறைநினைவை) விட்டுவிட்டுத் திரையில் எத்தனை வந்தது என்றே கண் போகிறது.

மேருமணி

சைவக் குடும்பம், நட்பு வட்டத்தில் நிறைய வைணவர்கள், அதனால் இரண்டையும் சொல்கிறேன். 108 மணிக்கு மேல் ஒன்று தனியாகத் தொங்கும், மேரு. அதைத் தாண்டக் கூடாது. மேரு வரை வந்ததும் மாலையைத் திருப்பிப் பிடித்து வந்த வழியே போகவேண்டும், ஆள்காட்டி விரல் மணியில் படக் கூடாது, நடுவிரல் மேல் வைத்துக் கட்டைவிரலால் தள்ளவேண்டும். இப்படி விதி மேல் விதி. புரச்சரணம் (ஒரு மந்திரத்தைக் குறித்த எண்ணிக்கையில் சொல்லி முடிக்கும் விரதம்) என்று எடுத்தால் மந்திரத்தில் எத்தனை எழுத்தோ அத்தனை லட்சம் முறை உரு, பஞ்சாட்சரத்துக்கு ஐந்து லட்சம். கேட்டாலே மலைப்பாக இருக்கும். ஆனால் ஒன்று, இது மந்திரம் சித்தியாவதற்கான கணக்கு, முத்திக்கான கணக்கு அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் உங்கள் கேள்வி போன்ற கேள்விகள் வருகின்றன (தப்பாக நினைக்காதீர்கள்).

சைவ சித்தாந்தத்தில் முத்தி எப்படி வருகிறது என்று பாருங்கள். இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம். நல்லதும் கெட்டதும் உயிருக்குச் சமமாகப் படவேண்டும், ஆணவ மலம் (உயிரை மறைக்கும் அழுக்கு) பக்குவப்படவேண்டும், அப்போது அருள் பதிகிறது. பக்குவம் நம் பக்கம், பதிவது அவன் பக்கம். ஜபம் அந்தப் பக்குவத்துக்கு உதவும், அதற்கு மேல் அதற்கு அதிகாரம் இல்லை.

வைணவத்தில் இதற்கு இரண்டு கட்சியே உண்டு. குட்டிக் குரங்கு தாயை இறுகப் பற்றிக்கொள்வது போல நாம் பற்றவேண்டும் என்பது வடகலை, பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவது போல அவன் தூக்கிக்கொள்வான் என்பது தென்கலை. வேதாந்த தேசிகர் ஒரு பக்கம், பிள்ளை லோகாசாரியார் ஒரு பக்கம், பதினெட்டு பேதங்கள் வரை பட்டியல் போட்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர் கழுத்திலும் துளசி மணியைப் பார்க்கலாம்.

ஆகவே நண்பரே, நீங்கள் இதை மதத்துக்கும் மதத்துக்கும் நடுவே வைத்துப் பார்க்கிறீர்கள். எனக்கு என்னவோ இது ஒவ்வொரு மதத்துக்கும் உள்ளேயே நடக்கிற வழக்காகத்தான் படுகிறது. நான் செய்கிறேனா, எனக்குச் செய்யப்படுகிறதா என்று. மேலே கூழாங்கல் துறவிக்கும் அதே கவலை, பிறைக்கோடு சொன்ன ஹதீஸிலும் அதேதான்.

தாமரைக்குளம்

மேருமணி சொன்னதற்கு ஜப்பானில் கச்சிதமான உதாரணம் இருக்கிறது. ஹோனென் (1133–1212) சுகாவதி வழியை அங்கே தனி மரபாக நிறுத்தியவர். அமிதாப புத்தரின் பெயரைச் சொன்னாலே அவருடைய தூய நிலத்தில் பிறக்கலாம் என்பது போதனை. அவர் தினம் 60,000 முறை சொன்னார் என்று மரபு. சீடர்களுக்குள் உடனே சண்டை கிளம்பிவிட்டது, ஒரே ஒரு முறை நம்பிச் சொன்னால் போதுமா, சாகும்வரை சொல்லிக்கொண்டே இருக்கவேண்டுமா என்று. அவருடைய சீடர் ஷின்ரான் (1173–1263) இரண்டுக்கும் அப்பால் போனார். நீ சொல்வதே உன் சக்தியால் அல்ல, அமிதாபரின் வாக்குறுதி உன் வாயில் வருகிறது, காப்பாற்றப்பட்டாயிற்று, இப்போது நீ சொல்வது நன்றி, அவ்வளவுதான். அதனால் அவர் வழி வந்த ஷின் மரபில் இன்றைக்கும் கையில் மாலை உண்டு, ஆனால் எண்ணுவதற்கு அதைப் பயன்படுத்துவதில்லை. கும்பிடும்போது இரண்டு கையிலும் சுற்றிக்கொள்வார்கள், முடிந்தது.

இதற்கு நேர் எதிர் திபெத்திய வழி. அங்கே தொடக்கநிலைப் பயிற்சிகள் ஒவ்வொன்றையும் ஒரு லட்சம் முறை செய்யவேண்டும். அதற்கென்றே மாலையில் பக்கவாட்டில் இரண்டு சிறு சரம் தொங்கும், ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து வளையம். ஒரு சுற்று முடிந்தால் முதல் சரத்தில் ஒன்று மேலே போகும், அந்தப் பத்தும் முடிந்தால் அடுத்த சரத்தில் ஒன்று. ஆக ஒரே பௌத்தத்தில் ஒருவர் லட்சம் எண்ணுகிறார், ஒருவர் மணியை வைத்துக்கொண்டே எண்ண மறுக்கிறார். உங்கள் தோழி எந்த வழி என்று முதலில் கேளுங்கள், "கடவுளே தேவையில்லை" என்பது அமிதாபரை அழைக்கும் பாட்டிகளிடம் அவ்வளவு லேசாக எடுபடாது.

மயிற்பீலி

எல்லா இடத்திலும் அருளா முயற்சியா என்ற வழக்குதான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சமணத்தில் அந்த வழக்கே கிடையாது. அருள் தருவதற்கு யாரும் இல்லை. வினை நீயே சேர்த்தது, நீயே உதிர்க்கவேண்டும், தீர்த்தங்கரர் வழி காட்டியவர், தூக்கிவிடுபவர் அல்ல. எங்களுக்கும் 108 மணிதான், ஆனால் அதன் கணக்கு வேறு, நாங்கள் வணங்கும் ஐந்து வகை மேலோரின் குணங்கள்: அருகர் குணம் 12, சித்தர் 8, ஆசாரியர் 36, உபாத்தியாயர் 25, சாதுக்கள் 27. கூட்டிப் பாருங்கள். அந்த மணிகளில் சொல்லும் நவகார மந்திரத்தில் "எனக்கு இதைக் கொடு" என்று ஒரு சொல்கூட இல்லை, ஐவருக்கும் வணக்கம், அவ்வளவே. மணி ஒவ்வொன்றும் நான் அடையவேண்டிய ஒரு குணம். இதைக் கொண்டுபோய்ப் பூனைக்குட்டியோடு சேர்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த இழையில் மீட்பு, முத்தி, ஈடேற்றம் எல்லாம் ஒரே ஊருக்குப் போகும் வேறு வேறு சாலைகள் போல ஒரு தொனி ஓடுகிறது. ஊரே வேறு. ஒருவருக்குப் பாவத்திலிருந்து விடுதலை, ஒருவருக்குப் பிறவியிலிருந்து, ஒருவருக்கு ஆசையின் வேரிலிருந்து. சமணத்தில் விடுபட்ட உயிர் யாரோடும் கலப்பதில்லை, உலகின் உச்சியில் தனியாகவே நிற்கும். கருவி ஒன்றாக இருப்பதற்குக் காரணம் மனித விரலும் மனித மறதியும்தான் என்பது என் கட்சி.

ஓரத்து இருக்கை

மயிற்பீலி, இது நல்ல அடி. மேருமணி, பதில் சொல்லுங்கள். அப்புறம் எல்லோருக்கும் ஒரு உபகேள்வி, கொஞ்சம் சங்கடமானதுதான்: வேறு மாலை பிடிப்பவர் கரையேறுவாரா? உங்கள் சொந்த அபிப்பிராயம் வேண்டாம், உங்கள் மதம் என்ன சொல்கிறது?

மேருமணி

சமணத்தை என் வழக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன், மற்றவை நிற்கட்டும். உபகேள்விக்கு: இந்தப் பிறவியில் இல்லாவிட்டால் அடுத்தது. சித்தாந்திகள் மற்றச் சமயங்களைப் படி படியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று. யாரையும் வெளியே தள்ளவில்லை, ஆனால் உச்சிப் படியில் தாங்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சமரசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறைக்கோடு

குர்ஆன் 2:62ல் யூதர், கிறிஸ்தவர், ஸாபியீன்களில் (பழைய காலத்து ஒரு சமயக் குழுவினர்) அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பி நல்லமல் செய்தவர்களுக்குக் கூலி உண்டு, பயமில்லை என்று வருகிறது. இது நபிக்கு முன் வாழ்ந்தவர்களைப் பற்றியது என்பது பெரும்பாலான பழைய விரிவுரையாளர்கள் நிலை, இஸ்லாம் அல்லாத மார்க்கம் ஏற்கப்படாது என்ற 3:85ஐக் காட்டுவார்கள். தூதே சரியாகப் போய்ச் சேராதவர் நிலை வேறு என்று இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். தனி ஆளைக் காட்டி இவர் நரகவாசி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அந்தத் தராசு என் கையில் இல்லை.

பழைய பாடகர் குழு

1964ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது: தம் குற்றம் இல்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனசாட்சிப்படி நடந்தால் அவர்களும் மீட்படையலாம். ஆனால் அந்த மீட்பும் கிறிஸ்து வழியாகத்தான் வருகிறது என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. மேருமணியின் படிக்கட்டு இங்கேயும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். யூதர்கள் பக்கம் செபமாலையே கிடையாது, ஆனால் மற்ற இனத்து நீதிமான்களுக்கும் வரும் உலகில் பங்கு உண்டு என்று அவர்கள் ரொம்ப முன்பே சொல்லிவிட்டார்கள்.

வசனப்பலகை

யோவான் 14:6, "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்." அவ்வளவுதான் என் பதில். ஆனால் கெத்செமனே வசனத்தைப் போய்ப் பார்த்தேன், இருக்கிறது.

சும்மா வந்தவன்

நான் நாத்திகன். கிரேக்கர்கள் கொம்பொலோய் என்று ஒன்று உருட்டுவார்கள், அதில் ஜெபமும் இல்லை மோட்சமும் இல்லை, கை சும்மா இருக்க முடியாமல்தான். என்னிடம் ஒன்று இருக்கிறது. மயிற்பீலி கட்சிக்கு என் ஓட்டு.

ஓரத்து இருக்கை

எல்லோருக்கும் நன்றி, மெதுவாகத் திரும்பப் படிக்கவேண்டும். கடைசியாக ஒரு சில்லறைக் கேள்வி. செபம் சொல்லும்போது தூக்கம் வந்து, எந்த மணியில் இருந்தோம் என்றே தெரியாமல் போனால் என்ன செய்வது?

தாமரைக்குளம்

திபெத்தியர்கள் 108ஐ 100 என்றுதான் கணக்கு வைப்பார்கள். மீதி எட்டு இந்த மாதிரி தவறுகளுக்கு.

பழைய பாடகர் குழு

நமக்கு அந்த எட்டு கிடையாது. அந்தப் பத்தின் முதல் மணிக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள், இல்லை தோராயமாக ஒரு மணியைப் பிடித்துத் தொடருங்கள், இரண்டும் சரிதான். எந்த மறையுண்மையில் இருந்தோம் என்பதே மறந்துவிட்டால் மட்டும் எழுந்து முகம் கழுவிவிட்டு வாருங்கள்.